கீப்பருக்கும் ஒரு தலை இருக்கிறது

மாவட்டக் கிரிக்கெட் சங்க நிர்வாகிகளுக்கும், கோடை முகாம் நடத்தும் பயிற்சியாளர்களுக்கும், பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 18 வயது நிரம்பாத எவரும் ஹெல்மெட் இல்லாமல் கார்க் பந்து போன்ற கடினப் பந்தின் முன் நிற்கக் கூடாது என்று உங்கள் அமைப்பு எழுத்தில் ஒரு விதி கொண்டுவர வேண்டும். பேட் செய்பவருக்கு மட்டும் அல்ல. ஸ்டம்பை ஒட்டி நிற்கும் கீப்பருக்கும், ஷார்ட் லெக், சில்லி பாயிண்ட் போன்று பேட்ஸ்மேனை நெருங்கிய இடங்களில் நிறுத்தப்படுகிறவருக்கும் சேர்த்து. போட்டிக்கு மட்டும் அல்ல; நெட் பயிற்சிக்கும் சேர்த்து. ஹெல்மெட் போதவில்லை என்றால் அன்றைய பயிற்சி டென்னிஸ் பந்தில் நடக்கட்டும்.

நான் புதிதாக எதையும் கேட்டுவிடவில்லை. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 2000ஆம் ஆண்டிலேயே 18 வயதுக்குட்பட்டவர்கள் கடினப் பந்தில் பேட் செய்யும்போதும், ஸ்டம்பருகே நின்று கீப்பிங் செய்யும்போதும் ஹெல்மெட் அணிய வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சில் 2023 ஜூன் முதல் பெரியவர்களுக்கே அதைக் கட்டாயமாக்கிவிட்டது: வேகப்பந்தை எதிர்கொள்ளும் பேட்ஸ்மேன், ஸ்டம்பை ஒட்டி நிற்கும் கீப்பர், பேட்ஸ்மேனுக்கு முன்னால் நெருங்கி நிற்கும் ஃபீல்டர் ஆகிய மூவருக்கும். இந்திய அணியின் கீப்பர் போட்டே ஆக வேண்டியதை நம் ஊர் ஏழாம் வகுப்புப் பையன் போடாமல் நிற்கிறான்.

"எங்களிடம் ஹெல்மெட் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. பள்ளிப் போட்டிகளுக்கு நடுவராகப் போகும் இடமெல்லாம் அந்தப் பையைப் பார்க்கிறேன். அணிக்கு இரண்டு, இரண்டும் பெரியவர்கள் அளவு. ஒன்றில் தாடை வாரின் கொக்கி இருக்காது. மற்றொன்றில் முகக் கம்பிகளைப் பிடிக்கும் திருகாணி கழன்றுபோய், அந்த இடத்தில் கட்டுக்கம்பி முறுக்கப்பட்டிருக்கும். அவுட் ஆகிப் போகிறவன் கழற்றி, உள்ளே வருகிறவன் தலையில் வியர்வையோடு கவிழ்த்துவிட்டுப் போகிறான். பதினொரு வயதுப் பையன் தலையைத் திருப்பினால் தலை மட்டும்தான் திரும்புகிறது. ஹெல்மெட் முன்போலவே நிற்கிறது. பந்து தெரிய வேண்டும் என்பதற்காக அவன் மோவாயைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். அப்படித் தூக்கினால் தொண்டையும் கழுத்தும் பந்துக்குத் திறந்துவிடுகின்றன. அவனை ஹெல்மெட் அணிந்தவர்கள் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

பெரிய அளவு ஹெல்மெட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 13 வயதுக்குட்பட்டோரின் பந்து நாலேமுக்கால் அவுன்ஸ். பெரியவர்களுடையது குறைந்தது ஐந்தரை அவுன்ஸ். எடையைப் போலவே சுற்றளவும் குறைவு. நெற்றிக்கு மேல் நீளும் முகமறைப்புக்கும் முகக் கம்பிகளுக்கும் நடுவில், பெரிய பந்தைத் தடுத்து நிறுத்தும் இடைவெளியில் சின்னப் பந்து நுழைந்துவிடலாம். பிஎஸ் 7928:2013 என்ற பிரிட்டிஷ் தர அளவுகோல் பெரிய பந்துக்கும் சின்னப் பந்துக்கும் தனித்தனியாகச் சோதனை வைத்திருப்பது அதனால்தான். ஹெல்மெட்டின் உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் எந்தப் பந்துக்குச் சோதிக்கப்பட்டது என்று அச்சிட்டிருக்கும். வாங்கும்போது அதைப் படிப்பவர்கள் குறைவு. பழைய சரக்கில் படிப்பதற்குச் சீட்டே இருக்காது.

இந்த இடைவெளி என்ன செய்யும் என்பதற்கு 2014ஆம் ஆண்டின் கோடைக்காலம் ஒன்றே போதும். ஜூலையில் இங்கிலாந்தின் கவுண்டி ஆட்டம் ஒன்றில் கிரெய்க் கீஸ்வெட்டரின் ஹெல்மெட்டில் முகமறைப்புக்கும் கம்பிகளுக்கும் இடையே பந்து புகுந்து மூக்கையும் கண்குழி எலும்பையும் உடைத்தது. அடுத்த ஆண்டே, 27 வயதில், அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அதே 2014 ஆகஸ்டில் ஓல்ட் டிராஃபோர்ட் டெஸ்டில் நம் வருண் ஆரோன் வீசிய பந்து ஸ்டூவர்ட் பிராடின் ஹெல்மெட்டில் அதே வழியாக நுழைந்து மூக்கை உடைத்தது. இருவரும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். இருவர் தலையிலும் ஹெல்மெட் இருந்தது.

இன்று மாலையே செய்யக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன். உங்கள் முகாமில் பயன்படுத்தும் பந்தை எடுத்து, ஒவ்வொரு ஹெல்மெட்டின் முகமறைப்புக்கும் மேல் கம்பிக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். உள்ளே போனால் அந்த ஹெல்மெட்டைத் தூக்கி எறியுங்கள். போகவில்லை என்பதற்காக நிம்மதி அடைந்துவிடவும் வேண்டாம். வேகத்தில் வரும் பந்து கம்பியை வளைத்துக்கொண்டு போகும்.

இனி கீப்பர். நான் இளமையில் கீப்பராக இருந்தவன், எனவே இந்தப் பகுதி கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெங்கட்ராகவன் காலத்திலிருந்து அஸ்வின் வரை தமிழ்நாடு சுழற்பந்துக்குப் பேர்போன ஊர். பள்ளி அணிகளிலும் பாதி ஓவர்கள் சுழற்பந்துதான். அப்படியென்றால் நம் கீப்பர்கள் ஃபீல்டிங்கின் பாதி நேரம் ஸ்டம்பை ஒட்டிக் குனிந்து நிற்கிறார்கள். ஸ்டம்பின் உயரம் 28 அங்குலம். உட்கார்ந்து எழும் கீப்பரின் முகம், ஸ்டம்பின் மேல் வைக்கும் பெயில்ஸின் உயரத்தைக் கடந்துதான் மேலே வர வேண்டும். பந்து தரையில் விழும் நேரத்தில் பேட்டும் பேட்ஸ்மேனின் கால் காப்பும் பார்வையை மறைக்கின்றன. விளிம்பில் லேசாகத் தொட்ட பந்து திசை மாறினால், அதைப் பார்த்துத் தலையை விலக்கிக்கொள்ள நேரமே கிடையாது. கையுறைக்குள் வந்து விழுந்தால் கேட்ச். இல்லையென்றால் முகம்.

இதில் பாய் விரித்த ஆடுகளமான மேட்டிங் விக்கெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்றும் பல ஊர்களில் பள்ளி ஆட்டங்கள் மேட் விரித்துத்தான் நடக்கின்றன. மேட் இறுக்கமாக இழுத்து ஆணி அடிக்கப்பட்டிருந்தால் பந்து ஒரே சீராக உயரும். அதை யார் இழுத்து அடிக்கிறார்கள்? காலையில் வந்த இரண்டு பையன்கள், கையில் கிடைத்த கல்லால். பத்து ஓவருக்குள் மடிப்பு விழுந்துவிடும். அந்த மடிப்பில் பட்ட லெக் ஸ்பின் தோள் உயரத்துக்குத் துள்ளும். பேட்ஸ்மேன் ஒதுங்கிக்கொள்வான், கீப்பரால் முடியாது, பந்தைப் பிடிப்பது அவன் வேலை.

சபா கரீமை நினைவிருக்கிறதா? 2000ஆம் ஆண்டு டாக்காவில் நடந்த ஆசியக் கோப்பையில் கும்ப்ளேயின் பந்து எழும்பி அவருடைய கண்ணில் பட்டது. இந்திய அணியின் கீப்பராக அப்போதுதான் காலூன்றத் தொடங்கியிருந்தார். அந்தக் காயம் அவருடைய ஆட்ட வாழ்க்கையை விரைவிலேயே முடித்துவைத்தது. தென்னாப்பிரிக்காவின் மார்க் பவுச்சர் 2012 ஜூலையில் டான்டனில் ஸ்டம்பருகே நின்றுகொண்டிருந்தார். இம்ரான் தாஹிர் ஸ்டம்பைச் சாய்த்தார், பெயில் பறந்து பவுச்சரின் இடது கண்ணில் பாய்ந்தது. ஹெல்மெட் இல்லை. சர்வதேச ஆட்டங்களில் 999 பேரை வெளியேற்றியவர் ஆயிரமாவது விக்கெட்டுக்குத் திரும்பி வரவே இல்லை. பந்துகூட அல்ல, விரல் நீளமுள்ள ஒரு மரத்துண்டு.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். பேட்டிங் முடித்த அணி ஃபீல்டிங் செய்யும்போது அதன் ஹெல்மெட் பெரும்பாலும் கீப்பருக்குப் பின்னால் தரையில் கிடக்கும். பந்து அதைத் தொட்டால் எதிரணிக்கு ஐந்து ஓட்டம். அந்த விதி எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் மனப்பாடம். "தள்ளி வை, தள்ளி வை" என்று எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து கத்துவார்கள். எடுத்துப் போட்டுக்கொள் என்று கத்தியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஷார்ட் லெக்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இந்தியாவுக்கு ஆடிய ராமன் லாம்பாவின் பெயரைச் சொன்னால் போதும். 1998 பிப்ரவரி 20 அன்று டாக்காவில் ஒரு கிளப் ஆட்டம். ஓவர் முடிய மூன்று பந்துகள் இருந்தபோது ஷார்ட் லெக்குக்கு வந்தார். ஹெல்மெட் வேண்டுமா என்று கேட்டதற்கு, மூன்று பந்துதானே என்று மறுத்ததாகச் சொல்வார்கள். பந்து நெற்றியில் பட்டுத் தெறித்து கீப்பர் கைக்குப் போய் கேட்சாக முடிந்தது. லாம்பா தாமே எழுந்து நடந்து போனார். மூன்று நாளில் இறந்துவிட்டார். குழந்தைகளை அந்த இடத்தில் நிறுத்தவே வேண்டாம் என்பது என் கட்சி. இங்கிலாந்தில் 15 வயதுக்குட்பட்டவர்கள் நடு ஸ்டம்பிலிருந்து 8 கெஜத்துக்குள்ளும், 13 வயதுக்குட்பட்டவர்கள் 11 கெஜத்துக்குள்ளும், ஆஃப் பக்கம் ஸ்டம்புக்குப் பின்னால் தவிர, நிற்கக் கூடாது. இதற்குக் காசு செலவில்லை. சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டால் முடிந்தது.

நெட்டுக்கு வருவோம். போட்டியில் ஒரு பந்து வீசினால் அடுத்ததற்கு அரை நிமிடமாவது ஆகும். முகாமின் நெட்டில் ஆறு பேர் வரிசையில் நிற்பார்கள். ஒருவன் வீசிய பந்தைத் திருப்பித் தட்டிவிட்டுப் பேட்ஸ்மேன் நிமிர்வதற்குள் அடுத்தவன் ஓடத் தொடங்கிவிடுவான். அந்த ஆறு பேரில் ஒருவன் கல்லூரி மாணவன், பேட் பிடித்திருப்பவன் எட்டாம் வகுப்பு. பக்கத்து நெட்டின் கிழிசல் வழியாக வரும் பந்து தனி. பயிற்சியாளர் நெருங்கி நின்று சைட் ஆர்ம் என்ற எறிகருவியால் எறிவது இன்னொரு தனி. ஆபத்து போட்டியைவிட இங்கேதான் நெருக்கமாக நிற்கிறது; ஹெல்மெட்டோ "நெட்தானே" என்று பையிலேயே கிடக்கிறது.

2025 அக்டோபரில் மெல்பர்னில் 17 வயது இளைஞர் ஒருவர் நெட் பயிற்சியில் அடிபட்டு இறந்தார். எறிகருவியால் வீசப்பட்ட பந்து கழுத்தில் பட்டது. ஹெல்மெட் போட்டிருந்தார், கழுத்துக் காப்பு மட்டும் இல்லை. அதே நாட்டில் 2014 நவம்பர் 25 அன்று சிட்னி மைதானத்தில் பேட்ஸ்மேன் பில் ஹியூஸுக்குக் காதுக்குக் கீழே, ஹெல்மெட் மறைக்காத கழுத்துப் பகுதியில் பந்து பட்டு, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி கிழிந்தது. 63 ஓட்டங்களோடு ஆடிக்கொண்டிருந்தவர் இரண்டு நாளில் போய்விட்டார். அதன் பிறகுதான் ஹெல்மெட்டின் பின்புறம் மாட்டும் காப்புகள் சந்தைக்கு வந்தன. கிரிக்கெட் ஆஸ்திரேலியா 2023 அக்டோபரில் தன் ஆட்டங்களில் அவற்றைக் கட்டாயமாக்கியது. நம் ஊர்க் கடைகளிலும் கேட்டால் கிடைக்கும் பொருள்தான் அது. இரண்டு ஆண்டு அவகாசம் எடுத்துக்கொண்டாவது அதையும் விதிக்குள் கொண்டுவாருங்கள்.

ஹெல்மெட் எதைச் செய்யாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மண்டை ஓடு உடைவதையும் முகம் கிழிவதையும் அது பெருமளவு தடுக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை அதனால் முழுக்கத் தடுக்க முடியாது. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் டெஸ்டில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் வீசிய பந்து ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. மருத்துவச் சோதனையில் தேறி, சுமார் முக்கால் மணி நேரத்தில் ஸ்மித் திரும்பி வந்து பேட் செய்தார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தமும் தெரிந்தன. அவருக்குப் பதிலாக லபுஷேன் இறங்கினார். அதற்கு முந்தைய மாதம்வரை அப்படி மாற்று ஆட்டக்காரர் இறங்க விதியே இல்லை. 2020 டிசம்பரில் கான்பெராவில் ஸ்டார்க்கின் பந்து ஹெல்மெட்டில் பட்ட பிறகும் ஜடேஜா இன்னிங்ஸை ஆடி முடித்தார். தலைசுற்றல் ஓய்வறையில் தெரிந்தது. அவருக்குப் பதில் வந்த சாஹல் மூன்று விக்கெட் எடுத்துவிட்டதால் ஊரே அது நியாயமா என்று விவாதித்ததே தவிர, அடிபட்டவர் ஏன் தொடர்ந்து ஆடினார் என்று கேட்டவர்கள் கொஞ்சம்தான்.

உலகத்தரம் வாய்ந்த மருத்துவர்கள் மைதானத்தில் நிற்கும்போதே இப்படி. நம் முகாமில் என்ன நடக்கிறது? முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள், ஒரு சோடா வாங்கிக் கொடுப்பார்கள், "ஒன்றும் இல்லை, அடுத்த பந்தை நேராக ஆடு" என்பார்கள். தலையில் அடிபட்ட பிள்ளை அன்று ஆடக் கூடாது. அவ்வளவுதான் விதி. அடிபட்ட உடனே நன்றாகப் பேசுகிறான், நடக்கிறான் என்பது எந்த உத்தரவாதமும் அல்ல. லாம்பாவும் நடந்துதான் போனார். நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச்சில் கனடாவின் மோன் டிரம்ப்ளான் பனிச்சறுக்குத் தளத்தில், புதிதாகக் கற்பவர்களுக்கான சரிவில் விழுந்தார். ஹெல்மெட் இல்லை. சிரித்துப் பேசிக்கொண்டு எழுந்தார், வந்த ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பினார்கள். சிறிது நேரத்தில் தலைவலி. இரண்டு நாளில் மரணம். மண்டை ஓட்டுக்கும் மூளையின் உறைக்கும் இடையே மெல்ல மெல்ல ரத்தம் சேர்ந்திருந்தது. வாந்தி, தூக்கக் கலக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறும் பேச்சு இவற்றில் ஏதாவது தெரிந்தால் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்று பெற்றோருக்கு அன்றே சொல்லி அனுப்புங்கள். அடி வாங்கிய ஹெல்மெட்டையும் ஒதுக்கிவையுங்கள். வெளியே கீறல்கூடத் தெரியாமல் உள்ளிருக்கும் நுரை நசுங்கியிருக்கும்.

பனிச்சறுக்கைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். ஹெல்மெட் கொடுத்தால் பையன்கள் பயம் விட்டுப்போய்க் கண்டபடி ஆடுவார்கள், அடி அதிகமாகத்தான் ஆகும் என்று அனுபவமுள்ள ஒரு பயிற்சியாளர் என்னிடம் வாதாடினார். பனிச்சறுக்கு உலகில் இதே வாதம் பல ஆண்டுகள் நடந்தது. 2002 குளிர்காலத்தில் நார்வேயின் எட்டுத் தளங்களில், காயம்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் காயம்படாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஹெல்மெட் அணிந்தவர்களுக்குத் தலைக்காயத்தின் ஆபத்து 60 சதவீதம் குறைவு என்று 2006இல் முடிவு வெளியானது. மறுபக்கமும் உண்டு: அமெரிக்காவில் ஹெல்மெட் அணிவோர் பத்தே ஆண்டுகளில் 25 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாக உயர்ந்தபோதும் பனிச்சறுக்கு மரணங்கள் அதே அளவுக்குக் குறைந்துவிடவில்லை. முழு வேகத்தில் மரத்தில் மோதினால் எந்த ஹெல்மெட்டும் போதாது. கார் பந்தய வீரர் ஷூமாக்கர் 2013 டிசம்பரில் பாறையில் மோதியபோதும் ஹெல்மெட் அணிந்திருந்தார். இந்த இரண்டு உண்மைகளையும் வைத்துக்கொண்டுதான் இத்தாலி முதலில் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கும், பிறகு 18 வயதுக்குட்பட்டவர்களுக்கும், 2025 நவம்பர் முதல் எல்லோருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

வீரம் என்றொரு வாதம் இருக்கிறது. 1978இல் பார்படாஸில் கிரகாம் யாலப் முதன்முதலாக ஹெல்மெட்டோடு டெஸ்டில் இறங்கியபோது கூட்டம் கேலிக் கூச்சல் போட்டது. அதே பார்படாஸில்தான் 1962இல், ஹெல்மெட் இல்லாத காலத்தில், இந்திய கேப்டன் நாரி கான்ட்ராக்டரின் மண்டை ஓட்டை கிரிஃபித்தின் பந்து உடைத்தது. மேற்கிந்தியத் தீவுகள் கேப்டன் ஃபிராங்க் வொரெல் ரத்தம் கொடுத்தார், கான்ட்ராக்டர் பிழைத்தார், மீண்டும் டெஸ்ட் ஆடவில்லை. உடைந்த தாடையில் கட்டுப் போட்டுக்கொண்டு கும்ப்ளே ஆன்டிகுவாவில் பந்து வீசிய படத்தை எத்தனையோ முகாம்களின் சுவரில் பார்க்கிறேன். கும்ப்ளே மீது எனக்கு அளவற்ற மரியாதை உண்டு. ஆனால் அது வளர்ந்த ஒருவர் தன் உடலைப் பற்றித் தானே எடுத்த முடிவு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்காக அந்த முடிவை நீங்கள் எடுக்க முடியாது.

வெயில்? உண்மைதான், கத்திரி வெயிலில் ஹெல்மெட்டுக்குள் தலை வேகும். முகாமைக் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடியுங்கள். ஒவ்வொருவரின் பேட்டிங் நேரத்தையும் சுருக்குங்கள். உள்ளே கட்டிக்கொள்ள ஆளுக்கொரு பருத்தித் துணி இருந்தால் வியர்வை, பேன் புகார்களும் குறையும். பின்னல் போட்ட பெண் பிள்ளைகளுக்குப் பொருந்தும் அளவுகளையும் மறக்காதீர்கள்.

செலவைப் பற்றிச் சொல்லும்போதுதான் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. முகாமின் நிறைவு விழாவில் ஆளுயரக் கோப்பைக்கும் பிளெக்ஸ் பேனருக்கும் சிறப்பு விருந்தினரின் பொன்னாடைக்கும் பணம் கிடைக்கிறது. அதை வைத்தே சின்ன அளவில் நான்கு, நடுத்தர அளவில் நான்கு ஹெல்மெட் வாங்கிவிடலாம். கீப்பருக்கென்று ஒன்றைத் தனியாக ஒதுக்கலாம். மாவட்டச் சங்கம் மொத்தமாக வாங்கி, வைப்புத் தொகை பெற்றுக்கொண்டு பள்ளிகளுக்குப் பருவம் முழுவதும் இரவல் தரலாம். பெற்றோர்களும் மறுக்க மாட்டார்கள். நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் இருசக்கர வண்டியில் ஹெல்மெட் கட்டாயமான மாநிலம் இது. தலையில் ஹெல்மெட்டோடு மகனைக் கொண்டுவந்து இறக்கிவிடும் தந்தைக்கு இதன் அவசியத்தைப் புரியவைக்க ஐந்து நிமிடம் போதும்.

நடுவர்களுக்கும் அதிகாரம் வேண்டும். கீப்பர் ஹெல்மெட் இல்லாமல் ஸ்டம்பருகே வந்தால் நான் ஆட்டத்தை நிறுத்திப் பின்னால் போகச் சொல்கிறேன். உடனே பயிற்சியாளர், "எந்த விதியில் இருக்கிறது?" என்கிறார். சரியான கேள்வி, எந்த விதியிலும் இல்லை. எங்கள் கையில் காட்ட ஒரு தாள் கொடுங்கள்.

மே மாத முகாம்களுக்கான விண்ணப்பப் படிவங்கள் மார்ச்சில் அச்சுக்குப் போகும். அதற்கு முன் செயற்குழுவில் இந்தக் கோரிக்கையை வையுங்கள். ஏற்றுக்கொண்டால் விதியைப் படிவத்திலேயே அச்சிடுங்கள். மறுத்தால் காரணத்தையும் அதே படிவத்தில் அச்சிடுங்கள். பெற்றோர் படித்துப் பார்த்துக் கையெழுத்திடட்டும்.

இப்படிக்கு,
பள்ளிப் போட்டிகளின் நடுவர் ஒருவர்